மெலிந்த மாணாக்கர் வளர்த்த வித்தை

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர்களின் போர்களையும், உடன்படிக்கைகளையும், நகரங்கள் எழுந்ததையும் வீழ்ந்ததையுமே விரித்துரைப்பர். ஒரு மாணாக்கன் காலையில் எழுந்து என்ன செய்தான், எங்கே விழுந்தான், எதை விளையாடினான், எந்தப் புத்தகத்தைத் தேடி நடந்தான் என்பனவெல்லாம் சரித்திரத்திற்குப் புறம்பானவை என்று தள்ளப்படும். ஆயினும் சில வேளைகளில் அத்தகைய சிறு செயல்களே ஒரு பெரும் வித்தையை அழிவினின்று காத்து உலகெங்கும் பரவச் செய்திருக்கின்றன. அதற்குச் சிறந்ததோர் உதாரணம் ஜப்பான் தேசத்தில் ஜூடோ என்னும் தற்காப்பு வித்தை தோன்றிய வரலாறாகும். அதனை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும், சிறப்பாக இளைஞரும், அறிந்து பயன்பெறும் பொருட்டு இங்கே சுருக்கி எழுதுகின்றோம்.

இவ்வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. குலத்தொழில் பிறப்பிலேயே கைவரும் என்று கூறுவதும், முன்னோர் தந்த வித்தையை மரபுக்கு வெளியே விடாமற் காத்தலே பெருமை என்று கருதுவதும் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வார்க்கு ஜப்பானியரின் அனுபவம் ஒரு கண்ணாடியாக உதவும்.

வாளிழந்த ஆசான்கள்

ஜப்பானில் பல தலைமுறைகளாகக் குடிமக்கள் நால்வகையாக வகுத்தெண்ணப்பட்டனர். சாமுராய் எனப்படும் போர்வீரர் முதலாவது, உழவர் இரண்டாவது, கைவினைஞர் மூன்றாவது, வணிகர் கடைசி. இடையில் இரண்டு வாள் செருகிக்கொள்ளும் உரிமை சாமுராய்களுக்கே இருந்தது. படைக்கலம் கைநழுவிய வேளையில் வெறுங்கையாற் பகைவனைப் பிடித்து வீழ்த்தவும், மூட்டுகளை மடக்கவும், கழுத்தை நெருக்கி அடக்கவும் பயன்படுவதாகிய ஜுஜுத்சு என்னும் வித்தையையும் பெரும்பாலும் அவர்களே பயின்றனர். மற்றையோரிற் சிலர் கற்றதுண்டு. ஆயினும் அதனைப் போர்வீரர் வித்தையாகவே உலகம் எண்ணியது. அவ்வித்தையிற் பல மரபுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆசிரியப் பரம்பரையும், தகுதியுற்ற சீடனுக்கன்றிக் காட்டப்படாத ஏட்டுச் சுருள்களும் உண்டு.

1868 ஆம் ஆண்டில் ஷோகன் ஆட்சி ஒழிந்து, மெய்ஜி சக்கரவர்த்தியின் பெயரால் புதிய அரசாங்கம் ஏற்பட்டது. 1871 இல் சிற்றரசுகள் எடுபட்டன. 1876 இல் பொதுவிடங்களில் வாள் தரித்தலாகாது என்னும் சட்டம் வந்தது. சாமுராய்கள் பரம்பரையாகப் பெற்றுவந்த மானியமும் அவ்வாண்டிலேயே முடிவுற்றது. மேனாட்டுத் துப்பாக்கியும், மேனாட்டு உடையும், மேனாட்டுக் கல்வியும் பெருகவே, பழைய வித்தைகளை இளைஞர் பழங்கந்தை எனத் தள்ளினர். நேற்றுவரை பிரபுக்களின் அரண்மனைகளில் மதிப்போடு வாழ்ந்த ஆசான்கள் இன்று உணவுக்கு வழி தேடும் நிலை வந்தது. அவர்களுட் பலர் மூட்டும் எலும்பும் அறிந்தவராதலால், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியராகி, வாசலிற் பலகை தொங்கவிட்டுப் பிழைத்தனர். நம் தென்கோடியில், குமரி நாட்டுப் பக்கங்களில், அடிமுறை கற்பிக்கும் வர்ம ஆசான்களே முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் செய்வதைக் கண்டவர்களுக்கு இச்செய்தி வியப்பாகத் தோன்றாது. உடம்பை வீழ்த்தக் கற்றவனே அதனை நிமிர்த்தவும் கற்றிருப்பான் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான உண்மையே.

பலகைகளைத் தேடி நடந்தவர்

இத்தகைய காலத்திலே, இவ்வித்தையைக் கற்றே தீரவேண்டும் என்று பிடிவாதங் கொண்டார் ஓர் இளைஞர். அவர் சாமுராய்க் குடியிற் பிறந்தவரல்லர். 1860 ஆம் ஆண்டில், கோபே நகருக்கு அருகே மிகாகே என்னும் கடற்கரையூரில், அரிசியினின்று ஸாக்கே என்னும் மதுவை வடித்து விற்கும் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கானோ ஜிகோரோ என்பது அவர் பெயர். இளமையிலேயே தாயை இழந்து, தந்தையாருடன் டோக்கியோ நகரம் சேர்ந்தார். பாடங்களில் முதல்வராகவும் ஆங்கிலத்தில் வல்லவராகவும் விளங்கினார். ஆயின் உடலோ குட்டையாகவும் மிக மெலிந்தும் இருந்தது. விடுதியிற் சேர்ந்து படித்த காலத்தில், வலியுள்ள மாணாக்கர் அவரைத் தள்ளியும் அடித்தும் பரிகசித்தும் வந்தனர். கல்வியிற் சிறந்தவன் ஆனமட்டில் மானத்தோடு வாழ்ந்துவிட முடியாது என்னும் கசப்பான உண்மையைப் பன்னான்கு வயதளவில் அவர் அறிந்துகொண்டார்.

அவர் இல்லத்திற்கு வந்துபோகும் பெரியவர் ஒருவர் முன்னர் ஷோகனின் காவற்படையில் இருந்தவர். எளியவனும் வலியவனை வெல்லத்தக்க வித்தை ஒன்று உண்டென அவர் வாயிலாகக் கேட்ட சிறுவர், அதனைத் தமக்குக் கற்பிக்கும்படி மன்றாடினார். அப்பெரியவரோ, இக்காலத்திற்கு அது வேண்டுவதில்லை என்று தட்டிக்கழித்தார். தந்தையாரும் அவ்வாறே மறுத்தார். ஆயினும் அவா அடங்கவில்லை. 1877 ஆம் ஆண்டில் டோக்கியோ சர்வகலாசாலையிற் சேர்ந்தபின் கானோ ஓர் உபாயம் கண்டார். எலும்பு முறிவு வைத்தியருட் பலர் பழைய ஜுஜுத்சு ஆசான்களே என அவர் கேள்வியுற்றிருந்தார். ஆகவே வீதிவீதியாக நடந்து, அத்தகைய பலகை தொங்கும் வீடுகளிற் புகுந்து, "தங்களுக்கு ஜுஜுத்சு தெரியுமா? எனக்குக் கற்பிப்பீர்களா?" என்று வினவிவந்தார். பலர் தலையசைத்து அனுப்பிவிட்டனர். ஈற்றில் யாகி என்னும் வைத்தியர் ஒருவர் மனமிரங்கி, தம் வீட்டிற் கற்பிக்க இடமில்லையென்று சொல்லி, புகுதா ஹச்சினோசுகே என்னும் ஆசானிடம் அவரை வழிப்படுத்தினார்.

சர்வகலாசாலை மாணாக்கர் ஒருவர், நோயாளிகள் காத்திருக்கும் வைத்தியர் வீட்டு வாசலிற் போய்ப் போர்வித்தை கேட்டு நின்றது பார்ப்பதற்குச் சிறு செயல்தான். அந்த வாசற்படியை அன்று அவர் மிதியாதிருந்தால் பிற்கால வரலாறே வேறாயிருக்கும்.

பத்துப் பாயும் பச்சிலைத் தைலமும்

புகுதாவின் பயிற்சிக்கூடம் பத்துப் பாய் விரிக்கும் அளவுள்ள ஓர் அறையே. அவரது வைத்தியசாலைக்கு அடுத்து அது அமைந்திருந்தது. மாணாக்கர் ஐவர் வரையிலேயே இருந்தனர். அவர்களும் நாள் தவறாது வருபவரல்லர். உடன் பயில்வோர் எவரும் வாராத நாள்களிலும் கானோ வந்துவிடுவார். ஆசான் நோயாற் படுத்திருந்த நாள்களில், அவர் கொடுத்த கனத்த தடியொன்றைக் கையிற் கொண்டு, தாமே தனியே உருண்டும் விழுந்தும் பழகுவார்.

முதல் நாள்களில் நிகழ்ந்த ஒன்றைக் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். ஆசான் அவரை ஒரு பிடியால் வீழ்த்தினார். எழுந்த மாணாக்கர், கையை எங்கே வைத்தீர்கள், காலை எவ்வாறு நகர்த்தினீர்கள் என்று கேட்டார். ஆசான் "வா" என்று அழைத்து மீண்டும் வீழ்த்தினார். மாணாக்கர் மீண்டும் கேட்டார், மீண்டும் விழுந்தார். இவ்வாறு பலமுறை நடந்தபின், சொல்லிக் கேட்டு இதனை அறிந்துகொள்ள முடியாது, விழுந்து விழுந்தே அறியவேண்டும் என்னும் கருத்தை ஆசான் தெரிவித்தார். சர்வகலாசாலையிலே காரணங் கேட்டுப் படித்துப் பழகிய மூளைக்கு இது புதிய பாடம். அம்மாணாக்கர் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனாற் காரணங் கேட்பதையும் விட்டாரல்லர். பழைய ஆசானின் பொறுமையும் புதிய மாணாக்கரின் வினாவும் ஒன்றுசேர்ந்ததனாலேயே இவ்வித்தை மறுபிறவி எடுத்தது என்பது நம் கருத்து.

அக்காலத்தில் அவர் உடம்பெங்கும் சிராய்ப்பும் கன்றலும் இருந்தன. மருந்துப் பற்றுகளை அங்குமிங்கும் ஒட்டிக்கொண்டு, தைலம் மணக்க வகுப்பிற்குப் போவார். உடன் படிப்போர் கண்டு நகைப்பர். அவர் அணிந்த பயிற்சிச் சட்டை பலமுறை கிழிந்து பலமுறை தைக்கப்பட்டது. பட்டுப் போர்த்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை அத்தையற் சட்டையை வீசியெறியாது போற்றிவைத்தார். இன்றும் அது ஜூடோ தலைமைக் கழகத்தின் காட்சிச்சாலையிற் பாதுகாக்கப்பட்டுள்ளது.

நிற்க. அவர் வேறு பொழுதுபோக்குகளை அறியாதவர் என்று எண்ணலாகாது. அந்நாளில் அமெரிக்கரிடமிருந்து ஜப்பானுக்கு வந்த பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் அவருக்கு மிக்க விருப்பம். படகு வலித்தல், மேனாட்டுத் தேகப்பயிற்சி, நெடுந்தூரம் நடத்தல் என்பனவற்றையும் ஒவ்வொன்றாகப் பழகிப் பார்த்தார். தூரிகை கொண்டு எழுத்துகளை அழகுற எழுதுவதும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த பழக்கம். தம் குறிப்புகளை ஆங்கிலத்திலே எழுதி வைப்பதும் வழக்கம். இப்பொழுதுபோக்குகள் அவருடைய பயிற்சிக்கு இடையூறாக இருக்கவில்லை; துணையாகவே நின்றன என்பதைப் பின்வரும் நிகழ்ச்சியால் அறியலாம்.

நூல்நிலையத்திற் கிடைத்த பிடி

புகுதாவின் மாணாக்கருள் புகுஷிமா கனேகிச்சி என்பவர் மிகப் பெருத்த உடலும் வலிமையும் வாய்ந்தவர். கானோ எவ்வளவு முயன்றும் அவரை வீழ்த்த முடியவில்லை. தோற்றவர் வருந்தி ஒதுங்குவது உலக இயல்பு. அவரோ இதனை ஒரு கணக்கெனக் கொண்டு விடை தேடப் புறப்பட்டார். முதலிற் சுமோ என்னும் ஜப்பானிய மல்யுத்தத்திற் பழகியவர் ஒருவரை அண்டி அவ்வித்தையின் பிடிகளைக் கேட்டறிந்தார். அதுவும் போதாதென்று கண்டு, நகரத்து நூல்நிலையத்திற்குச் சென்று மேனாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். அங்கே, பகைவனைக் குனிந்து தோள்மேற் சுமந்து புரட்டியெறியும் ஒரு முறையைக் கண்டார். தம் நண்பர்களை அழைத்து அவர்கள்மேற் பரீட்சித்துத் தேர்ந்தபின், பயிற்சிக்கூடத்திற் புகுஷிமாவை எதிர்த்து நின்றார். மலைபோன்ற உடம்பு அவர் தோளேறிச் சுழன்று பாயில் விழுந்தது. அப்பிடி இன்றும் "தோட்சக்கரம்" என்று பொருள்படும் "கத்தா-குருமா" என்னும் பெயரோடு ஜூடோவில் வழங்கி வருகின்றது.

நம் இளைஞர் இதனைச் சற்றே ஊன்றிக் காண்பாராக. தம் ஆசான் மரபில் இல்லாததொன்றை அயலார் மரபிலிருந்தும், அயல்நாட்டார் புத்தகத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. எங்கள் மரபில் இது இல்லை, ஆதலால் இது ஆகாது என்று அவர் சொல்லியிருப்பாராயின், புகுஷிமாவின் காலடியிலேயே அவர் வித்தை நின்றுபோயிருக்கும்.

1879 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் என்பார் ஜப்பானுக்கு விஜயஞ் செய்தார். ஷிபுசாவா எய்ச்சி என்னும் பெருவணிகர் தம் மாளிகையில் அவருக்கு விருந்தளித்து, ஜுஜுத்சுக் காட்சியும் நடப்பித்தார். புகுதாவும், அவர் மரபைச் சேர்ந்த இசோ மசத்தோமோ என்னும் மூத்த ஆசானும், மாணாக்கராகிய கானோவும் அங்கே தம் திறமையைக் காட்டினர். அக்காட்சிக்குப் பின் சின்னாட்களிலேயே புகுதா காலமானார். அவர் மனையாரும் உறவினரும், மரபுச் சுருள்களைக் காப்பதற்கு ஏற்றவர் எனக் கருதி அவற்றைக் கானோவிடம் ஒப்படைத்தனர். அச்சுருள்களை ஏற்ற கைகள் பத்தொன்பது வயதை எட்டாத வணிகர் குடிப் பிள்ளையின் கைகள்.

அதன்பின் இசோவிடம் பயின்றார். அங்கே ஒவ்வோர் இரவும் பலரோடு மாறிமாறிப் பொருத வேண்டியிருந்தது. வீடு திரும்பும்போது களைப்பினாற் கால் தள்ளாடிச் சுவரில் மோதிக்கொள்வாராம். உறக்கத்திலும் கூவிக்கொண்டு போர்வையை உதைத்துத் தள்ளுவாராம். 1881 இல் இசோவும் இறந்தார். அவ்வாண்டிலேயே சர்வகலாசாலைப் பட்டமும் பெற்ற கானோ, கிட்டோ என்னும் வேறொரு மரபைச் சேர்ந்த இக்குபோ என்னும் ஆசானை அடைந்தார்.

கோயில் அதிர்ந்த கதை

1882 ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது நிரம்பாத கானோ, டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலிற் சில அறைகளை வாடகைக்கு எடுத்து, தாமே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். கோடோக்கான் என்று அதற்குப் பெயரிட்டார். நெறியை ஆராயும் இடம் என்பது பொருள். பன்னிரண்டு பாய் கொண்ட இடம். பாயொன்று ஏறக்குறைய ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ளதாதலால், 216 சதுர அடி என்று கணக்கிடலாம். முதலாண்டிற் பெயர் பதிந்த மாணாக்கர் ஒன்பதின்மர். இன்று உலகிற் கோடிக்கணக்கானோர் அறிந்த வித்தை, நம் ஊரில் ஒரு நடுத்தர வீட்டுக் கூடத்தின் அளவேயுள்ள இடத்திற் பிறந்தது.

மாணாக்கர் வீழும் அதிர்ச்சியினாற் கோயில் குலுங்கிற்று. முன்னோர் பெயர் பொறித்து வைத்திருந்த பலகைகள் பீடத்தினின்று சாய்ந்தன, கூரையோடுகள் நெகிழ்ந்தன, தரையைத் தாங்கும் மரங்கள் முறிந்தன. இரவில் மாணாக்கர் உறங்கச் சென்றபின், கானோ விளக்கொன்றைக் கையிற் கொண்டு, தரைக்கு அடியிலுள்ள இருளில் ஊர்ந்து சென்று, முறிந்த மரத்திற்கு முட்டுக் கொடுத்துச் செப்பஞ் செய்வாராம். சர்வகலாசாலைப் பட்டதாரியும், பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் ஆசிரியருமானவர் புழுதியில் ஊர்ந்ததை எண்ணிப் பார்க்க. கோயிற் குருக்களோ, இவ்விளைஞர் மிக நல்லவர்தாம், இந்த ஜுஜுத்சு ஒன்றை மட்டும் விட்டுவிட்டாரானால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அங்கலாய்த்தார்.

கூடத்திலே தங்கிப் பயின்ற மாணாக்கரின் அன்றாடமும் அறியத்தக்கது. அதிகாலையில் எழுதல், தங்கள் அறையையும் முற்றத்தையும் தாங்களே பெருக்கித் துடைத்தல், முறை வைத்து வந்தோரை வரவேற்றல், நிமிர்ந்தமர்ந்து நூல் படித்தல், அதன்பின் பயிற்சி என்பன ஒழுங்காக நடந்தன. செல்வர் பிள்ளை, ஏழை பிள்ளை என்னும் பேதம் துடைப்பத்தின் முன் இல்லை. தொடக்கத்தில் எவரிடமும் சம்பளம் பெறவில்லை; பயிற்சிச் சட்டையையும் ஆசிரியரே கொடுத்துதவினார். அச்செலவை ஈடுசெய்யக் கல்லூரிச் சம்பளத்தோடு, இரவில் விழித்திருந்து மொழிபெயர்ப்பு வேலையும் செய்தார். டோமித்தா ட்சுனேஜிரோ, சைகோ ஷிரோ என்னும் இருவரும் அம்முதல் மாணாக்கருட் சிறந்தவர்கள். 1883 இல் முதற்படி என்னும் தகுதியை முதன்முதலாகப் பெற்றவர்கள் அவ்விருவரே. குறுகிய உடலினரான சைகோவின் வாழ்வைத் தழுவி, டோமித்தாவின் புதல்வர் 1942 இல் எழுதிய சுகாத்தா சன்ஷிரோ என்னும் நாவலும், அதற்கடுத்த ஆண்டில் அகிரா குரோசாவா அதனைக் கொண்டு எடுத்த திரைப்படமும் ஜப்பானிற் பெரும்புகழ் பெற்றன.

ஆசானே கற்றுக்கொண்ட நாள்

இக்குபோ வாரத்திற் சில நாள் அக்கோயிலுக்கு வந்து கற்பித்தார். அவரை வீழ்த்துவது எவர்க்கும் அரிது. 1885 ஆம் ஆண்டளவில் ஒருநாள், கானோ வழக்கத்திற்கு மாறாக அவரைத் திரும்பத்திரும்ப வீழ்த்தினார். வியந்த ஆசான் காரணங் கேட்க, எதிரியின் உடல் நிலைகுலையும் தருணத்தைக் கண்டு அல்லது உண்டாக்கி, அதன் பின்னரே வீழ்த்தும் பிடியை இடுவதாக மாணாக்கர் விளக்கினார். அது உண்மையே, இனி நான் உனக்குக் கற்பிக்கத்தக்கது யாதுமில்லை என்று ஆசான் ஒப்புக்கொண்டு, தம் மரபுச் சுருள்களையும் பின்னர் அவருக்கே அளித்தார். மாணாக்கன் தன்னை மிஞ்சியபோது பொறாமைப்படாது மகிழ்ந்த அம்முதியவருக்கும் நாம் வணக்கஞ் செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

இத்தத்துவத்தைக் கானோ ஒரு கணக்கால் விளக்குவார். ஒருவன் வலிமை 10 என்க. என் வலிமை 7 என்க. அவன் தள்ளும்போது நானும் எதிர்த்துத் தள்ளினால் தோல்வி எனதே. அவன் தள்ளும் பக்கமாகவே நான் விலகிக் கொடுப்பேனாயின், அவன் முன்னே சாய்ந்து நிலை தவறுவான்; அந்நிலையில் அவன் பயன்படுத்தக்கூடிய வலிமை 3 ஆகக் குறையும். நானோ நிலைதவறாது 7 ஐயும் உடையேன். அதிற் பாதியே அவனை வீழ்த்தப் போதும். இதுபற்றியே வித்தைக்கு ஜூடோ, அதாவது நெகிழ்ந்து கொடுக்கும் நெறி, என்று அவர் பெயர் வைத்தார்.

இப்பயிற்சியினால் உடல் திரண்டது மட்டுமன்று. தமக்கு இயல்பாயிருந்த முன்கோபமும் தணிந்ததாக அவர் கூறியுள்ளார். ஐரோப்பாவைக் கண்டு 1891 இல் கப்பலிலே திரும்பும்போது, உருவிற் பெரிய ருஷ்யர் ஒருவர் அவரோடு பலப்பரீட்சைக்கு நின்றார். கானோ அவரைத் தூக்கியெறிந்தார். எறிந்த அக்கணத்திலேயே, அவர் தலை தளத்தில் மோதாதபடி தம் கையை அடியிற் கொடுத்துத் தாங்கினார். கண்டோர் எறிந்த வன்மையைக் காட்டிலும் தாங்கிய கையையே மிகுதியும் வியந்தனர். சிறுவயதில் அடிபட்டவர் பழிவாங்கக் கற்ற வித்தை, எதிரியின் தலையைக் காக்கும் வித்தையாக முதிர்ந்தமை இதனாற் புலப்படும். 1922 இல் அவர் தம் போதனையை இரண்டு வாக்கியங்களாகத் திரட்டினார்: ஆற்றலை நற்பயனுறச் செலுத்துக, தானும் பிறரும் ஒருங்கே வாழ்க.

திறந்த கதவு

பழைய மரபுகளின் கதவு குறுகியது; கானோவின் கதவு அகன்றது. 1893 இல் ஒரு பெண்மணியை மாணாக்கியாக ஏற்றார்; 1926 இல் பெண்டிர்க்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. ஜப்பானுக்குப் படிக்க வந்த சீன மாணாக்கருக்கென அவர் நடத்திய பள்ளியில், பின்னாளிற் சீன இலக்கியத்தின் பெருந்தலைவராகிய லூ சுன் 1902 முதல் 1904 வரை பயின்றார். நம் பாரத நாட்டிற்கும் இவ்வித்தை அவர் காலத்திலேயே வந்தது. ரவீந்திரநாத தாகூர் அவர்களின் அழைப்பிற்கிணங்கி, தக்காகாக்கி ஷின்ஸோ என்னும் கோடோக்கான் ஆசிரியர் 1929 இல் சாந்திநிகேதனம் வந்து மாணவ மாணவியர்க்குக் கற்பித்தார். 1909 இல் சர்வதேச ஒலிம்பிக் சங்கத்தில் ஆசியாக் கண்டத்தின் முதல் அங்கத்தினரான கானோ, 1938 மே மாதம் 4 ஆம் நாள், கெய்ரோவில் நடந்த கூட்டத்தினின்று திரும்புகையிற் கப்பலிலேயே உயிர் நீத்தார். 1964 இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் ஜூடோவும் இடம் பெற்றது.

இவ்வரலாற்றிலே மாசே இல்லையென்று நாம் கூறவில்லை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஜப்பானிய இராணுவத்தார் இத்தகைய வித்தைகளை இளைஞரைப் போருக்குத் தூண்டும் கருவிகளாக்கினர். அதன் பயனாக 1945 க்குப் பின் பள்ளிகளில் ஜூடோ தடுக்கப்பட்டு, 1950 இலேயே மீண்டும் அனுமதி பெற்றது. பெண்டிர்க்குத் திறந்த கதவும் முழுவதும் திறந்ததன்று. இதற்குச் சான்று, அந்த ஏழை ஆசான் புகுதாவின் பேர்த்தியாகிய புகுதா கெய்கோ அம்மையார்.

1913 இற் பிறந்த இவ்வம்மையார் மலரலங்காரம், தேநீர்ச் சடங்கு, எழுத்தோவியம் என்னும் பெண்டிர் கலைகளைக் கற்று வளர்ந்தவர். தம் முதல் ஆசானின் பேர்த்தி என்பதனாற் கானோவே அவரை அழைக்க, 1935 இற் கோடோக்கானிற் சேர்ந்தார். ஐந்தடி உயரமும் நிரம்பாதவர். மணவாழ்வையும் துறந்து இவ்வித்தையே வாழ்வாகக் கொண்டார். 1953 இல் ஐந்தாம் படி பெற்றார். ஆனாற் பெண்ணுக்கு அதற்கு மேற்பட்ட படி வழங்கும் வழக்கமில்லை என்னும் காரணத்தால், ஏறக்குறைய இருபது ஆண்டு அங்கேயே நிறுத்தப்பட்டார். 1972 இலேதான் ஆறாம் படி கிட்டியது. அமெரிக்காவிற் குடியேறி முதுமையிலும் கற்பித்துவந்த அவருக்கு, 2006 இற் கோடோக்கான் ஒன்பதாம் படியும், 2011 இல் அமெரிக்க ஜூடோ சங்கத்தார் பத்தாம் படியும் அளித்தனர். 2013 இல், தொண்ணூற்றொன்பதாம் வயதில், அவர் காலமானார். பத்துப் பாய் அறையில் ஐந்து மாணாக்கரோடு மங்கிக்கொண்டிருந்த விளக்கு, குடிப்பிறப்பாற் புறத்தவரான ஒருவர் கைக்குச் சென்று, மீண்டும் அக்குடும்பத்துப் பெண்ணின் கையில் வந்து ஒளிர்ந்தது. புகுதா அன்று அவ்வணிகர் வீட்டுப் பிள்ளைக்குக் கதவடைத்திருந்தால், அவர் பேர்த்திக்கும் அவ்வொளி கிட்டியிராது.

நாம் கொள்ளத்தக்கது

கானோ மரபை இகழ்ந்தவரல்லர். ஆசான்மார் அளித்த சுருள்களைக் காத்தார். கிட்டோ மரபின் பழைய முறைகளை ஒரு தொகுதியாகவே தம் கழகத்தில் நிலைநிறுத்தினார். மரபைப் போற்றுதலும் கதவைத் திறத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவர் வாழ்வு காட்டும் பாடம். பெட்டியிற் பூட்டிய விதைநெல் எலிக்காகும். வயலிற் சிந்திய விதைநெல்லே களஞ்சியத்தை நிரப்பும்.

நம்மவரிடையிலும் சிலம்பம் அறிந்த முதியோர் உளர். வர்மமும் முறிவு வைத்தியமும் அறிந்தோர் உளர். கைத்தொழில் நுட்பங்கள் அறிந்த குடும்பங்கள் உள. மகன் கற்க விரும்பவில்லை, அயலான் கற்க உரிமையில்லை என்று சொல்லி, எத்தனை வித்தைகள் ஆசானோடு சிதையேறின என்பதை அவரவர் தம் குடும்பத்தையே கேட்டறியலாம். ஆதலின் நம் அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, வித்தை அறிந்த பெரியோர் தாம் அறிந்ததை மறைக்காது, எழுத்திலும் பயிற்சியிலும் பிறர்க்கு வழங்குவாராக. இரண்டாவது, எக்குடியிற் பிறந்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், கற்கும் ஆர்வத்தோடு வாயிலில் நிற்பவரைத் திருப்பி அனுப்பாதிருப்போமாக. மூன்றாவது, இளைஞர் தம் உடல் மெலிவையும் பிறர் பரிகாசத்தையும் எண்ணிச் சோராது, பந்தாட்டமோ படகோ நூல்நிலையமோ, தமக்கு இன்பந் தரும் ஒவ்வொன்றிலும் தம் வித்தைக்கு உதவுவது யாது என்று தேடுவாராக.

குலத்தின் பெருமை, அக்குலம் தனக்கென ஒளித்து வைத்ததால் அளக்கப்படுவதன்று. உலகிற்கு அது வழங்கியதாலேயே அளக்கப்படும். இவ்வுண்மையை நம் சங்கத்தார் உளங்கொண்டு, அவரவர் ஊரில் ஒரு சிறு கூடமேனும் திறந்து, அதன் கதவை அகலத் திறந்து வைப்பார்களாக.